எலி எதைக் கற்கிறது? பரிசு, தண்டனைக்கு அப்பால் உயிரியலும் சிந்தனையும் ஊக்கமும்

கேள்வி இதுதான். பாவ்லாவின் நாயையும் ஸ்கின்னரின் எலியையும் படித்து முடித்த ஒரு மாணவருக்கு, அடுத்த அத்தியாயத்தில் உயிரியல், சிந்தனை, ஊக்கம் என்று மூன்று தலைப்புகள் வருகின்றன. ஆக்கநிலையிருத்தலை, அதாவது நிகழ்வுகளை இணைத்துக் கற்பதை, இவை மூன்றும் மாற்றுகின்றன என்கிறது நூல். அப்படியானால் இவை விதிவிலக்குகளா, அல்லது முதலில் படித்த விதியே தவறா என்று கேட்கிறார்.

பாவ்லாவும் ஸ்கின்னரும் செய்த சோதனைகளில் தவறில்லை. அவற்றுக்குத் தரப்பட்ட விளக்கம்தான் நிலைக்கவில்லை. இரண்டு நிகழ்வுகள் அடுத்தடுத்துப் பலமுறை நடந்தால் அவை மனத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பது பழைய விளக்கம். மணியும் உணவும் சேர்ந்தால் எச்சில், நெம்புகோலும் தீனியும் சேர்ந்தால் அழுத்தல், அவ்வளவுதான் என்றார்கள். இன்றைக்குப் பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்வது வேறு: விலங்கு தன் சூழலில் எது எதற்கு அறிகுறி என்று கண்டுபிடிக்க முயல்கிறது. அந்தத் தேடல் வெற்றுப் பலகையில் தொடங்குவதில்லை. தெரிந்ததையே திரும்பச் சொல்லும் செய்தியில் அது நேரத்தைச் செலவிடுவதில்லை. கண்டுபிடித்ததை எல்லாம் உடனே வெளியே காட்டுவதும் இல்லை. நீங்கள் பார்த்த மூன்று தலைப்புகளும் இந்த மூன்று உண்மைகளிலிருந்து வந்தவை. இவற்றை அத்தியாயத்தின் கடைசிப் பக்கங்களில் 'வரம்புகள்' என்று ஒதுக்கிவைக்கும் பாடநூல் மரபு எனக்கு எரிச்சலூட்டும் ஒன்று. முதல் பக்கத்திலேயே வந்திருக்க வேண்டியவை இவை.

பழைய நம்பிக்கை எவ்வளவு உறுதியாக இருந்தது என்பதற்கு ஒரு சான்று. ஒரு விலங்கு செய்யக்கூடிய எந்தச் செயலையும், அது உணரக்கூடிய எந்தத் தூண்டலோடும் இணைத்துவிடலாம் என்று 1956இல் கிரெகரி கிம்பிள் என்ற உளவியலாளர் எழுதினார். அன்று அது மிகையான பேச்சாக யாருக்கும் படவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, நூற்றுக்கணக்கான ஆய்வுகள் தன் கூற்றைப் பொய்யாக்கிவிட்டன என்று அவரே ஒப்புக்கொண்டார்.

அந்த மாற்றத்தைத் தொடங்கிவைத்தவர்களில் முதன்மையானவர் ஜான் கார்சியா. 1950களில் அமெரிக்கக் கடற்படையின் கதிர்வீச்சு ஆய்வகத்தில் எலிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். கதிர்வீச்சு அறையில் எலிகள் வரவர நீர் குறைவாகக் குடித்தன. அங்கே இருந்த நீர்ப் புட்டிகள் பிளாஸ்டிக்கால் ஆனவை. எலிகளின் வழக்கமான கூண்டுகளில் இருந்தவை கண்ணாடிப் புட்டிகள். கதிர்வீச்சு தந்த குமட்டலை எலிகள் பிளாஸ்டிக் கலந்த நீரின் சுவையோடு சேர்த்துக்கொண்டிருக்கலாம் என்று கார்சியா ஐயுற்றார். அறையின் விளக்கோ சுவரோ ஒலியோ இல்லாமல், ஏன் சுவை மட்டும்?

1966இல் அவரும் ராபர்ட் கோல்லிங்கும் வெளியிட்ட சோதனை, உளவியலில் நான் படித்தவற்றுள் மிக நேர்த்தியான ஒன்று. எலிகளுக்கு இனிப்பு நீர் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறை நக்கும்போதும் ஒரு விளக்கு மின்னும், ஒரு சொடுக்கொலி கேட்கும். ஆக, அந்த நீருக்கு மூன்று அடையாளங்கள்: இனிப்பு, ஒளி, ஒலி. பிறகு ஒரு சாரார் எலிகளுக்குக் குமட்டலையும், மற்றொரு சாராருக்குக் காலில் மின்னதிர்ச்சியையும் தந்தார்கள். அதன்பின் அடையாளங்களைப் பிரித்துச் சோதித்தார்கள். குமட்டல் கண்ட எலிகள் இனிப்பு நீரைத் தவிர்த்தன; ஒளியும் ஒலியும் சேர்ந்த வெறும் நீரைத் தயங்காமல் குடித்தன. மின்னதிர்ச்சி பெற்றவை நேர்மாறாக நடந்தன: இனிப்பைக் குடித்தன, மின்னும் நீரைக் கண்டு ஒதுங்கின. மூன்று அடையாளங்களும் எல்லா எலிகளுக்கும் ஒரே அளவில்தான் கிடைத்திருந்தன. வயிற்றில் வந்த கேட்டுக்கு வாயில் பட்டதும், தோலில் வந்த வலிக்குக் கண்ணும் காதும் உணர்ந்ததும் காரணம் என்று எலியின் உடல் முன்கூட்டியே சாய்வு கொண்டிருக்கிறது.

இன்னொரு விதியும் உடைந்தது. இணைப்பு உருவாக வேண்டுமானால் இரண்டு நிகழ்வுகளுக்கும் இடையே சில விநாடிகளே இருக்கலாம் என்பது அன்றைய அசைக்க முடியாத கொள்கை. சுவை வெறுப்போ, ருசித்துச் சில மணி நேரம் கழித்துக் குமட்டல் வந்தாலும் உருவானது, அதுவும் ஒரே அனுபவத்தில். நஞ்சு வேலை செய்ய அவ்வளவு நேரம் ஆகும் என்பதை நினைத்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. ஆனால் அன்றைய முன்னணி ஆய்விதழ்கள் கார்சியாவின் கட்டுரைகளைத் திருப்பி அனுப்பின. பின்னாளில் அமெரிக்க உளவியல் சங்கத்தின் உயரிய அறிவியல் விருது அவருக்குக் கிடைத்தது.

'சுவையும் குமட்டலும்தான் இயற்கையான ஜோடி' என்று இதைப் பொது விதியாக மனப்பாடம் செய்துவிட வேண்டாம். 1971இல் ஹார்டி வில்காக்சனும் அவருடைய குழுவினரும் எலிகளுக்கும் காடைகளுக்கும் நீல நிறம் சேர்த்த புளிப்பு நீரைக் கொடுத்து, பிறகு உடல்நலம் கெடச் செய்தார்கள். எலிகள் புளிப்பைத் தவிர்த்தன. காடைகளோ நீலத்தைத் தவிர்த்தன. பார்வையால் இரை தேடும் பறவைக்கு நிறமே உணவின் முகவரி. இருளில் முகர்ந்தும் நக்கியும் தேடும் எலிக்குச் சுவைதான். ஒவ்வோர் இனமும் தன் வாழ்க்கை முறைக்கேற்ற சாய்வோடுதான் கற்க வருகிறது.

மனிதரும் இதற்கு விலக்கல்லர். புற்றுநோய்க்கு வேதிச்சிகிச்சை பெறும் குழந்தைகளுக்கு, சிகிச்சைக்குச் சற்று முன் புதுச் சுவையுள்ள ஐஸ்கிரீம் கொடுத்துப் பார்த்தார் ஐலீன் பெர்ன்ஸ்டீன். 1978இல் வெளியான அந்த ஆய்வின்படி, பின்னர் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது அந்தக் குழந்தைகள் அதைப் பெரும்பாலும் ஒதுக்கினார்கள். இதிலிருந்து நடைமுறைக்கு உதவும் ஒரு யோசனையும் பிறந்தது: சிகிச்சைக்கு முன் வித்தியாசமான சுவையுள்ள ஒரு மிட்டாயைக் கொடுத்தால் வெறுப்பு அதன்மேல் போய்ச் சேர்கிறது, வழக்கமான உணவு ஓரளவு தப்பிக்கிறது.

செயலுக்குப் பரிசு தந்து பழக்கும் ஸ்கின்னர் வகைக் கற்றலிலும் உடலின் சாய்வு தலைகாட்டும். கெல்லர் பிரிலண்ட், மேரியன் பிரிலண்ட் தம்பதியர் ஸ்கின்னரிடம் பயின்றவர்கள். விளம்பரங்களுக்கும் கண்காட்சிகளுக்கும் விலங்குகளைப் பழக்கும் தொழிலை நடத்தினார்கள். 38 இனங்களைச் சேர்ந்த 6,000க்கும் மேற்பட்ட விலங்குகளைப் பழக்கிய பின் 1961இல் எழுதிய கட்டுரையில் தங்கள் தோல்விகளை அடுக்கினார்கள். மரக்காசை எடுத்துவந்து உண்டியலில் போடப் பழகிய பன்றி, சில வாரங்களில் காசைக் கீழே போட்டு மூக்கால் கிளறத் தொடங்கியது. ரக்கூன் இரண்டு காசுகளை விடாமல் கையில் வைத்து உரசிக்கொண்டே இருந்தது, இரையைக் கழுவுவதுபோல. இரண்டுமே பரிசைத் தாமதப்படுத்தும் செயல்கள்; பரிசு வராவிட்டால் நடத்தை மங்கும் என்ற விதிப்படி மறைந்திருக்க வேண்டியவை. நடந்ததோ, நாளாக ஆக வலுப்பட்டன. காசு உணவுக்கு அறிகுறி என்று விலங்கு எவ்வளவு நன்றாகக் கற்றதோ, அவ்வளவுக்கு அது காசை உணவாகவே நடத்தியது. இங்கே கற்றல் தோற்கவில்லை. பயிற்சியாளர் எதிர்பார்த்த பாடத்துக்குப் பக்கத்திலிருந்த வேறொரு பாடத்தை விலங்கு முழுமையாகக் கற்றுவிட்டது.

அடுத்தது சிந்தனை. எலிக்குச் சிந்தனையா என்று, வெளியே தெரியும் நடத்தையை மட்டுமே ஆராயும் நடத்தையியலார் முகம் சுளிப்பார்கள். 'எதிர்பார்ப்பு' என்று வைத்துக்கொண்டாலும் சரி. ராபர்ட் ரெஸ்கோர்லா 1968இல் காட்டியது இது: இரண்டு குழு எலிகளுக்கு ஓர் ஒலியோடு மின்னதிர்ச்சி ஒரே எண்ணிக்கையில் இணைக்கப்பட்டது. ஒரு குழுவுக்கு மட்டும், ஒலி இல்லாத நேரங்களிலும் அதே அளவுக்கு அதிர்ச்சி வந்தது. சேர்ந்து நடந்ததே போதும் என்றால் இரண்டு குழுவும் ஒலிக்கு அஞ்ச வேண்டும். கூடுதல் அதிர்ச்சி பெற்ற குழு அஞ்சவில்லை. ஒலி கேட்டாலும் கேட்காவிட்டாலும் அடி விழும் என்றால், ஒலி எதையும் முன்னறிவிக்கவில்லை.

லியான் காமின் இன்னொரு கோணத்திலிருந்து வந்தார். முதலில் இரைச்சலுக்குப் பின் அதிர்ச்சி வரும் என்று எலிகள் நன்கு கற்றன. பிறகு இரைச்சலோடு ஒரு விளக்கையும் சேர்த்து அதே அதிர்ச்சியைத் தந்தார். கடைசியில் விளக்கை மட்டும் காட்டியபோது எலிகள் அதைப் பொருட்படுத்தவே இல்லை. விளக்கு பலமுறை அதிர்ச்சியோடு சேர்ந்து வந்ததுதான்; ஆனால் இரைச்சல் ஏற்கெனவே சொல்லிவிட்டதைத் தவிர அது புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் கட்டத்தில் அதிர்ச்சியின் கடுமையை மாற்றியபோது எலிகள் விளக்கைப் பற்றியும் கற்றன. எதிர்பாராதது நடந்தால்தான் கற்றல் நடக்கிறது. இதைத்தான் 1972இல் ரெஸ்கோர்லாவும் ஆலன் வாக்னரும் ஒரு சமன்பாடாக்கினார்கள்: எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாடு எவ்வளவோ, அதற்கேற்ற அளவே கற்றல்.

தாளில் இருந்த அந்தக் கணக்கு மூளைக்குள் கண்டுபிடிக்கப்பட்டது. வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளின் மூளையில், டோபமைன் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவு செய்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அவை துடித்தன. சாற்றுக்கு முன் ஓர் அறிகுறி வரும் என்று குரங்கு கற்றபின், துடிப்பு அறிகுறிக்கு நகர்ந்தது. சாறு வந்தபோது அசைவில்லை. அறிகுறி வந்தும் சாறு வராவிட்டால், அது வந்திருக்க வேண்டிய நேரத்தில் துடிப்பு வழக்கத்துக்கும் கீழே இறங்கியது. ஆக, டோபமைன் 'இன்ப இரசாயனம்' என்று எழுதப்படுவதைப் படிக்கும்போது சற்று எச்சரிக்கையாக இருங்கள். இந்த அணுக்களின் இந்தச் செய்தி இன்பத்தைப் பற்றியதன்று, கணிப்பின் பிழையைப் பற்றியது.

உயிரியலும் சிந்தனையும் தனித்தனி அறைகள் அல்ல என்று காட்டும் ஒரு சோதனை இங்கே பொருந்தும். மனிதருக்கு ஒரு படத்தைக் காட்டி மின்னதிர்ச்சி தந்தால், அடுத்த முறை படத்தைக் கண்டதும் உள்ளங்கை வியர்க்கும். தோலின் மின்கடத்தலில் அதை அளக்கலாம். பிறகு 'இனி அதிர்ச்சி வராது' என்று சொல்லிவிட்டால், பூ, வட்டம் போன்ற படங்களுக்கான எதிர்வினை சட்டென்று அடங்கிவிடுகிறது. ஒரு வாக்கியம் போதுமானதாக இருக்கிறது. ஆனால் கென்னத் ஹுக்டாலும் ஆர்னே ஓமானும் 1977இல் பாம்பு, சிலந்திப் படங்களை வைத்துப் பார்த்தபோது, சொன்ன பிறகும் எதிர்வினை நீடித்தது. தெரிந்த பிறகும் உடல் கேட்கவில்லை. உணவு உண்டபின் தற்செயலாகக் காய்ச்சல் வந்த ஒருவர், அந்த உணவு காரணமில்லை என்று நன்கு அறிந்திருந்தும் அதைத் தொட முடியாமல் தவிப்பதும் இந்த வகைதான். சிந்தனை எந்தக் கற்றலை எளிதில் கலைக்கும், எதைக் கலைக்காது என்பதையும் உயிரியலே ஓரளவு வகுத்திருக்கிறது.

பாம்பைப் பற்றி ஒரு பின்குறிப்பு. அச்சம் பிறப்பிலேயே வருகிறது என்று இதற்குப் பொருளில்லை. சூசன் மினேகாவும் மைக்கேல் குக்கும் ஆய்வகத்தில் வளர்ந்த ரீசஸ் குரங்குகளோடு வேலை செய்தார்கள். அவற்றுக்குப் பாம்பென்றால் அச்சமே இல்லை. பாம்பைக் கண்டு மிரளும் வேறு குரங்கின் காணொளியைப் பார்த்ததும் அச்சம் தொற்றிக்கொண்டது. அதே காணொளியைத் தொகுத்து, பூவைக் கண்டு மிரள்வதுபோல் காட்டியபோது தொற்றவில்லை. அச்சம் கற்கப்பட்டதுதான், எதற்கு அஞ்சக் கற்பது எளிது என்பதுதான் முன்பே சாய்ந்திருக்கிறது. மனிதரின் பாம்பு அச்சத்துக்கு இதை எவ்வளவு தூரம் நீட்டலாம் என்பதில் இன்றும் சண்டை ஓயவில்லை.

ஊக்கத்துக்கு வருவோம். மாணவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இது. பரிசு கொடுத்தால் விலங்கு கற்கும், கொடுக்காவிட்டால் கற்காது என்றே பலரும் எழுதுகிறார்கள். எட்வர்ட் டோல்மனும் சார்லஸ் ஹான்சிக்கும் 1930லேயே இதை மறுத்தார்கள். ஒரு குழு எலிகளுக்குப் புதிர்ப்பாதையின் முடிவில் நாள்தோறும் உணவு. இன்னொரு குழுவுக்கு உணவே இல்லை. மூன்றாம் குழுவுக்குப் பத்து நாள் எதுவும் இல்லை, பதினோராம் நாள் முதல் உணவு. மூன்றாம் குழு பத்து நாளும் எதையும் கற்காததுபோலத்தான் சுற்றித் திரிந்தது. உணவைக் கண்ட மறுநாளே அதன் தவறுகள் சரிந்து, தொடக்கம் முதல் பரிசு பெற்ற குழுவின் அளவுக்கு வந்துவிட்டன. வழி அதற்கு முன்பே தெரியும். ஓட ஒரு காரணம்தான் இல்லை.

ஆல்பர்ட் பண்டூரா 1965இல் குழந்தைகளிடம் கண்டதும் இதற்கு இணையானது. பெரியவர் ஒருவர் பொம்மையை அடிக்கும் படத்தைக் குழந்தைகள் பார்த்தார்கள். அடித்தவருக்குத் தண்டனை கிடைத்ததைப் பார்த்தவர்கள் அந்தச் செயலைக் குறைவாகவே பின்பற்றினார்கள். ஆனால் 'நீ பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு' என்றதும் அந்த வேறுபாடு மறைந்துபோனது. எல்லாரும் கற்றிருந்தார்கள். தேர்வில் இதை எழுத வேண்டி வந்தால், கற்றலும் செயல்பாடும் வேறு என்ற வேறுபாட்டைத்தான் முதலில் எழுதுங்கள். தண்டித்ததும் நின்றுவிட்ட நடத்தை அழிந்துவிட்டது என்று நம்பும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

ஊக்கம் கற்றதை வெளிக்கொணர்வதோடு நிற்பதில்லை. கற்றதன் பொருளையே ஒரு நொடியில் புரட்டிவிடுகிறது. மைக் ராபின்சனும் கென்ட் பெரிட்ஜும் 2013இல் வெளியிட்ட சோதனையில், ஒரு நெம்புகோல் வெளியே நீண்டதும் எலியின் வாயில் கடல்நீரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு உப்பான நீர் பீய்ச்சப்பட்டது. எலிகள் அந்த நெம்புகோலைக் கண்டாலே விலகி ஓடின. பிறகு மருந்து கொடுத்து அவற்றின் உடலில், முன்பு ஒருபோதும் அறியாத உப்புப் பசியை உண்டாக்கினார்கள். அந்த நிலையில் நெம்புகோலை முதன்முறை பார்த்ததுமே எலிகள் பாய்ந்து சென்று அதை முகர்ந்து கொறித்தன. உப்பு இனிக்கும் என்று அவற்றுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அந்த நிலையில் உப்பை அவை ருசித்ததும் இல்லை. ரெஸ்கோர்லா, வாக்னர் சமன்பாட்டால் இதை விளக்க முடியாது. அதன்படி, நெம்புகோலின் மதிப்பு மாற வேண்டுமானால் புதிய அனுபவம் வேண்டும். எலி சேமித்து வைத்திருந்தது 'மோசம்' என்ற மதிப்பெண்ணை அல்ல, 'உப்பு வரும்' என்ற செய்தியை.

பரிசு ஊக்கத்தைக் கெடுப்பதும் உண்டு. படம் வரைவதை விரும்பும் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம், வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி, வரைந்ததும் அதைக் கொடுத்தார் மார்க் லெப்பர். சில வாரங்களுக்குள், தாங்களாக வரையும் நேரம் அவர்களிடம் குறைந்திருந்தது. அதே சான்றிதழை எதிர்பாராமல் பெற்றவர்களிடம் குறையவில்லை. 1973இல் வந்த இந்த ஆய்வை வைத்துப் பரிசே கூடாது என்று முழங்குபவர்களோடு நான் உடன்படவில்லை. 1999இல் எட்வர்ட் டெசி குழுவினர் 128 ஆய்வுகளைத் தொகுத்தபோது, முன்கூட்டி வாக்களித்த பொருள்வகைப் பரிசு ஏற்கெனவே சுவையாக இருந்த வேலையில் ஆர்வத்தைக் குறைத்தது. பாராட்டு அப்படிச் செய்யவில்லை. சலிப்பான வேலையில் குறைப்பதற்கு ஆர்வமே கிடையாது. இங்கும் கேள்வி அதே கேள்விதான்: இந்தப் பரிசு எனக்கு எதை அறிவிக்கிறது? 'நீ இதில் தேர்ந்தவன்' என்றா, 'கூலி இல்லாமல் செய்ய இது தகுதியற்றது' என்றா?

அப்படியானால் பழைய விளக்கத்துக்கு இடமே இல்லையா என்று கேட்பீர்கள். ஓரிடம் இருக்கிறது. கிறிஸ்டோஃபர் ஆடம்ஸும் ஆண்டனி டிக்கின்சனும் 1981இல், நெம்புகோலை அழுத்திச் சர்க்கரை பெறப் பழகிய எலிகளுக்கு அந்தச் சர்க்கரையின் மேல் தனியாக வெறுப்பூட்டினார்கள். பிறகு நெம்புகோலின் முன் விட்டபோது, அழுத்துவதைக் குறைத்துக்கொண்டன. எதற்காக அழுத்துகிறோம் என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது. மிக நீண்ட பயிற்சி பெற்ற எலிகளோ, வேண்டாத சர்க்கரைக்காகத் தொடர்ந்து அழுத்தின என்று ஆடம்ஸ் அடுத்த ஆண்டு காட்டினார். நோக்கம் உதிர்ந்து, தூண்டலும் அதற்கான எதிர்வினையும் (துலங்கல்) மட்டும் மிஞ்சிய நிலை அது. நடத்தையியலைத் தொடங்கிவைத்த ஜான் வாட்சன் எல்லாக் கற்றலுக்கும் வரைந்த படம் இங்கே அப்படியே பொருந்துகிறது. இதற்கு மூளையில் தனிப் பகுதியும் தேவைப்படுகிறது: 2004இல் ஹென்றி யின் குழுவினர் எலிகளின் அடிமூளை முடிச்சுகளில் பக்கவாட்டு மேற்பகுதியைச் சேதப்படுத்தியபோது, நீண்ட பயிற்சிக்குப் பிறகும் எலிகள் நோக்கத்தை விடவில்லை. மனிதரிடம் இதே பயிற்சி முறையால் ஆய்வகத்தில் பழக்கத்தை உருவாக்குவது கடினமாகவே இருக்கிறது. 2018இல் சான்னே டி விட் குழுவினர் ஐந்து முறை முயன்று ஐந்தும் பலிக்கவில்லை என்று வெளிப்படையாகக் கட்டுரை எழுதினார்கள். பயிற்சி போதவில்லையா, அளக்கும் முறை பிழையா, அல்லது மனிதர் நோக்கத்தை அவ்வளவு எளிதில் கைவிடுவதில்லையா என்பது இன்னும் தீராத விவாதம்.